மலைத்தண்ணிக்கு உத்தரவு

சகல பங்காளிகளும், மாமன் மச்சான்களும், சம்பந்தி வகையறாக்களும், இனிமேல் பிறக்கப்போகும் வாரிசுகளும் அறிந்துகொள்ள வேண்டிய அதிமுக்கிய அறிவிப்பு: இந்தக் குடும்பத்து ரத்தத்தில் பிறந்த யாராவது மலைத்தண்ணீரில் தலை நனைத்தால், அன்று பொழுது சாய்வதற்குள் வீட்டில் ஓர் ஆண் உயிர் போகும்.

அறிவிப்பை வெளியிட்டவர் ரத்தினசாமி. மலையாள எல்லையோரம் எலப்புள்ளிக்கும் சித்தூருக்கும் நடுவில் கொஞ்சம் நெல்வயலும் ஒரு சாய்வு நாற்காலியும் உடையவர். அந்தப் பக்கத்து நெல் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் பாடசேகர சமிதிக்கு வெகுகாலம் தலைவராக இருந்தார். பதவி போன பிறகும் தலைவராகவே இருந்தார். ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்ட மறுநாள், கூடத்து நாற்காலியில் சாய்ந்து, தொண்டையைச் செருமி, அறிவிப்பைப் புதுப்பித்துவிடுவார். இந்த வருடமும் புதுப்பித்தார். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேத்தியும் பேரனும் கொல்லங்கோட்டுக்கு மேலே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஆழமாகத் தேங்கும் ஒரு கசத்தில் தலை நனைத்தார்கள். பொழுது சாயும்வரைகூட அறிவிப்பு காத்திருக்கவில்லை. உச்சி வெயிலுக்கே சேதி வந்துவிட்டது.

மருமகள் நர்மதா அப்போது ஸ்கூட்டரில் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றபடி சுதீப், பின்னால் இடுப்பைக் கட்டிக்கொண்டு தமிழ்ப்ரியா. சிக்னல் கிடைக்கும் முதல் வளைவில் கைப்பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஒரு மாமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி எடுத்தாள்.

"எங்க புள்ள இருக்கற? எத்தன வாட்டி கூப்படறது?" கணவன் கோகுல்நாத்தின் குரல்.

"டவர் இல்லீங்க. என்னாச்சு?"

"அப்பா போயிட்டாரு."

"எங்கீங்க போனாரு?"

மறுமுனையில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடுவது மட்டும் கேட்டது. அப்புறம் அவன் மெதுவாகச் சொன்னான். "சோத்துக்கு எலை போட்டுக் கூப்புட்டோம். வரல. அப்பத்தான் தெரிஞ்சுது."

அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. யோசனை எவ்வளவு ஆழமாகப் போனாலும் ரத்தினசாமி சோற்றுக்கு எழுந்துவிடுவார். இலை போட்டும் வரவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுவது வெறும் சம்பிரதாயம்.

"கொழந்தைகளக் கூட்டிட்டு வெரசலா வா. எடுக்கறதுக்கு முன்னால பேரம்பேத்திக நெய்ப்பந்தம் புடிக்கோணும். சித்தப்பா அப்பவே புடிச்சுக் கேட்டுட்டே இருக்கறாரு."

"வந்துட்டே இருக்கறனுங்க."

எங்கிருந்து என்று அவனும் மறுபடி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போனைப் பைக்குள் போட்டாள். பின்னாலிருந்து தமிழ்ப்ரியாவின் தலைமயிரிலிருந்து தண்ணீர் அவள் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பாரு செத்துட்டாரா?" தாத்தாவைக் குழந்தைகள் கூப்பிடுவது அப்படித்தான்.

"ம்."

"நான் தலைய முக்குனதுனாலயா?"

நர்மதா தாவரவியலில் பட்டம் வாங்கியவள். சித்தூர் அரசுக் கல்லூரியில் ஆய்வகத்தில் வேலை. 'இல்லை' என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. குழந்தை அந்த இடைவெளியைக் கவனித்துவிட்டாள் என்று முதுகில் பட்ட அவளுடைய கன்னத்தின் கனத்திலேயே தெரிந்தது.

"நான் மூக்க மட்டுந்தான் முக்குனேன்," என்றான் சுதீப், முன்ஜாக்கிரதையாக.

*

அறிவிப்பின் வரலாற்றைச் சொல்லிவிடலாம், பெரிதில்லை. வெகுகாலத்துக்கு முன்னால் ரத்தினசாமியின் எருமை ஒன்று காணாமல் போனது. சோழி உருட்டிப் பிரச்னம் பார்க்கும் ஒரு பணிக்கரிடம் போனார். பணிக்கர் எருமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வந்ததற்கு வெறுங்கையோடு அனுப்ப வேண்டாமே என்று, ஜலத்தை நோக்கும்போது கொஞ்சம் தோஷம் காண்கிறது என்றார். எருமை சாயங்காலம் தானாகத் திரும்பி வந்தது. தோஷம் போகவில்லை. ரத்தினசாமி அதை நாற்காலிக்கு எடுத்துக்கொண்டு போய் யோசித்தார். ஜலம் மலைத்தண்ணீர் ஆயிற்று. கொஞ்சம் தோஷம் ஆண் உயிர் ஆயிற்று. சமிதித் தலைவர் என்ற முறையில் அவர் ஊருக்கெல்லாம் திறந்துவிட்ட வாய்க்கால் தண்ணீரும் மலையிலிருந்து வருவதுதானே என்று ஒருமுறை நர்மதா கேட்டாள். அணையில் தங்கி வந்தால் தோஷம் படிந்துவிடும் என்றார். வண்டல் மாதிரி.

வாய்க்கால்தான் அவளுடைய பயம். வீட்டின் பின்கட்டுக் கதவைத் திறந்தால் வாய்க்கால். போன மழைக்காலத்தில் நாலு வீடு தள்ளி ஒரு குழந்தையைப் பாலத்தடியில் முடியைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள், பிழைத்தது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நர்மதா வளர்ந்தது உடும்பஞ்சோலையில். அப்பாவுக்கு அங்கே ஏலக்காய் வியாபாரம். எஸ்டேட்டுப் பிள்ளைகளோடு ஓடைக் கசங்களில் விழுந்து எழுந்து, நடக்கக் கற்றதுபோல நீந்தக் கற்றவள். அவளுக்குப் பிறந்த இரண்டும் பாத்ரூமில் வாளி நிரம்பினால் அலறின. அவர்களுக்கு நீச்சல் பழக்க, வாய்க்கால் மாதிரி இழுப்பில்லாத ஒரு கசம் வேண்டியிருந்தது.

"அப்பாகிட்டக் கேட்டுட்டு எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ," என்று கோகுல்நாத் ஒவ்வொரு லீவிலும் தாராளமாகச் சொல்வான். அது மறுப்பதற்கு அவன் கண்டுபிடித்த மரியாதையான வழி.

இன்று காலையில் அவள் கேட்டாள்.

ரத்தினசாமி நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மடியில் நேற்றைய பேப்பர். காலடியில் மாமியார் கொண்டுவந்து வைத்த காப்பி, ஏடு படிந்து கிடந்தது. அவர் கண்ணை மூடியிருந்தால் தூங்குகிறார் என்று சொல்வது அந்த வீட்டில் குற்றம், யோசிக்கிறார். யோசிக்கும்போது தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, அருகில் தும்மக்கூடாது. உலகத்தின் பல பிரச்சினைகள் அந்த நாற்காலியில்தான் தீர்க்கப்பட்டிருந்தன. உலகத்துக்குத்தான் சேதி போகவில்லை.

"மாமா," என்றாள் நர்மதா. பதில் இல்லை. "புள்ளைகளுக்கு லீவு முடியுதுங்க. மலைத்தண்ணிக்கு ஒருக்காக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றனுங்க. நானும் கூடவே எறங்கிக்கறேன். வேண்டாம்னா சொல்லிப்போடுங்க."

காத்திருந்தாள். சுதீப் எட்டி உதைத்துவிடப் போகிறானே என்று காப்பி டம்ளரைக் காலால் சுவரோரமாகத் தள்ளிவைத்தாள். மறுபடி காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து பல்லி ஒன்று சத்தம் கொடுத்தது.

"அம்மா! உத்தரவு குடுத்துருச்சு!" தமிழ்ப்ரியா காதுக்குள் கத்தினாள்.

அந்தப் பக்கத்துக் கோயில்களில் சாமியிடம் உத்தரவு கேட்பதும் அப்படித்தான். காரியத்தைச் சொல்லிவிட்டு நிற்பார்கள். பல்லி சொன்னால் சாமி சொன்ன மாதிரி. சாமியே அதற்குமேல் வாயைத் திறப்பதில்லை. ரத்தினசாமி திறக்கவில்லை என்று எப்படிக் குறைசொல்வது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு கேள்விக்கு அவர் பிரசங்கம் செய்யாமல் விட்டது அதுதான் முதல் தடவை. வண்டியில் போகும்போது நர்மதாவுக்கு நெஞ்சு இளகிப்போயிருந்தது. மனுஷனுக்கு வயதாகிறது, மாறிவிட்டார், நாம்தான் இத்தனை நாள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கொல்லங்கோட்டில் நிறுத்தி அவருக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல் ஒரு பாக்கெட் வாங்கினாள்.

கசம் நன்றாக இருந்தது. மேலே பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் ஒரு வேட்டி அகலத்துக்கு இறங்கி, குழியில் சுற்றி, கூழாங்கல் மேட்டைத் தாண்டி ஓடியது. இங்கே குளிக்கக்கூடாது என்று மண்டையோட்டுப் படத்துடன் மலையாளத்தில் ஒரு போர்டு. அதன்மேல் யாரோ ஜட்டி காயப்போட்டிருந்தார்கள். சுதீப் நீலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மீன் கடிக்கிறது என்று கத்துவதும் அது கடிப்பதற்காகக் காலை நீட்டுவதுமாக இருந்தான். தமிழ்ப்ரியாவை உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்கவைத்தாள் நர்மதா. முதலில் மரக்கட்டைபோல விறைத்துக் கிடந்தாள் குழந்தை. பிறகு கழுத்து இளகியது, தோள் இளகியது. எப்போது கையை எடுத்தாள் என்று நர்மதாவுக்கே தெரியாது. குழந்தை ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு தண்ணீர்மேல் கிடந்தாள். "அம்மா, உங்க கை எங்க?" என்று கேட்டாள். "இதோ," என்று நர்மதா தூரத்திலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

அதே கைகள்தான் இப்போது ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தன. போகிற வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள். குழந்தை தலை முக்கியது எப்போது? அவர் உயிர் போனது எப்போது? கணக்கு எப்படிப் போட்டாலும் அறிவிப்பே ஜெயித்தது. பழி அவள்மேல் விழட்டும், விழுந்து போகட்டும். பின்னால் இருப்பவள் இதைச் சாகும்வரை சுமப்பாள். வாய்க்கால் பாலத்தைக் கடக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்வாள்.

*

வாசலில் நீலத் தார்ப்பாய்ப் பந்தல். கூடத்திலிருந்து ரத்தினசாமியை எடுத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் வாடகை நாற்காலிகள். அவருடைய தம்பி பூபதிராஜா பந்தலின் நடுவில் நின்று, மைக் இல்லாத குறை தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் இருக்கும்வரை அவருக்குப் பேச இடம் கிடைத்ததில்லை.

ஈரத்தலையோடு வந்து நின்ற இரண்டு குழந்தைகளையும் அவர்தான் முதலில் பார்த்தார். நர்மதா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"பாருங்கய்யா!" பூபதிராஜா கூட்டத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார். "எல்லாரும் இந்தப் பக்கம் வந்து பாருங்க! ஒருத்தர் சொல்லல, ஒருத்தர் ஏவல. பந்தம் புடிக்கோணும்னதும் தலைக்கு ஊத்தி, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிக்குதுக. இதுதாய்யா வம்சம்ங்கறது!"

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். நர்மதா தலையைக் குனிந்தாள். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுதீப் தும்மினான். குளிரைப் பொருட்படுத்தாத பக்தி என்று அதையும் மெச்சினார்கள். இரண்டு பேர் கையிலும் நெய்ப்பந்தத்தைக் கொடுத்தாயிற்று. தப்பித்தோம் என்று நர்மதா மூச்சை விட்ட நேரத்தில்தான் கற்பூரம் இல்லை என்பது தெரிந்தது.

"சிஜு வண்டில போயிட்டு வந்துருவாரு. நர்மதா, சாவியக் குடு," என்றான் கோகுல்நாத்.

சிஜு பக்கத்து வயல்காரர். யாருக்கு என்ன உபகாரம் செய்தாலும் அதை முழுசாகச் செய்துவிடுகிறவர். நர்மதா எழுந்திருப்பதற்குள் வண்டியிலிருந்த சாவியை அவரே திருகி, பை வைக்க இடமிருக்கிறதா என்று சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையும் நிறைய எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தார்.

"சேச்சி, இதெல்லாம் எங்க வெக்கட்டும்? முழுக்க நனஞ்ஞு கெடக்கு." ஈரத்துண்டு, குட்டி டவுசர், சிப்ஸ் பாக்கெட். கடைசியாக நீல ரப்பர் வார் வைத்த ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "இது நீந்தறப்போ போடற கண்ணாடியல்லே?"

"என்னுது!" என்றான் சுதீப், பந்தத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு. "மலைத்தண்ணில மீனப் பாக்கறதுக்கு."

பந்தலில் யாரோ விசிறிக்கொண்டிருந்த பேப்பர் நின்றது.

"மலைத்தண்ணியா?" என்றார் பூபதிராஜா. "தலைய நனைச்சீங்களா?"

"அக்காதான் முக்குனா. நான் மூக்கு மட்டும்."

"நான்தான் சின்ன அப்பாரு," தமிழ்ப்ரியாவின் கையில் பந்தம் ஆடி, நெய் தரையில் சொட்டியது. "நான்தான் அப்பாரக் கொன்னுட்டேன்."

நர்மதா பாய்ந்து பந்தத்தை வாங்கிக்கொண்டு குழந்தையை இழுத்து அணைத்தாள். பூபதிராஜாவின் குரல் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னாரே எங்கண்ணன்! வருஷா வருஷம் சொன்னாரே! பொழுது சாயறதுக்குள்ள உசுரு போகும்னாரே! போயிருச்சே! மலங்காட்டுல வளந்த பொண்ணு வேண்டாம், சமவெளில பாக்கலாம்னு அன்னைக்கே சொன்னேன்..." கோகுல்நாத் என்ன சொல்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் நாச்சம்மாள் எழுந்தாள். விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் அழவில்லை. முப்பத்தைந்து வருடம் ஒருவர் பேசக் கேட்டுவிட்டு, திடீரென்று வீடு அமைதியாகிவிட்டால் காது கொஞ்ச நேரம் எதற்கும் ஒத்துழைக்காது. அப்படியொரு முகத்தோடு இருந்தாள்.

"தம்பி, சத்தம் போடாதீங்க. அவ உங்கண்ணங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போனா."

"கேட்டாளா?"

"மலைத்தண்ணிக்குப் போறேன், வேண்டாம்னா சொல்லிப்போடுங்கன்னு கேட்டா. நான் சமையக்கட்டுல இருந்தேன்."

"அண்ணன் என்ன சொன்னாரு நங்கை?" என்று அண்ணியைக் கேட்டார் பூபதிராஜா.

"வேண்டாம்னு சொல்லல."

"நெசமாலுமா?"

"ஒரு வார்த்த சொல்லல."

நர்மதாவின் புடவைக்குள்ளிருந்து தமிழ்ப்ரியா தலையை நீட்டினாள். "பல்லி கூடக் கத்துச்சு."

அண்ணன் பேசாமல் இருந்தார் என்பதைப் பூபதிராஜாவால் நம்ப முடிந்திருக்காது. பல்லியை நம்பாமல் இருக்க முடியவில்லை. அவருக்குள் ஏதோ ஒன்று மெல்லப் பிரகாசித்தது. தோளில் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"தெரிஞ்சிருக்குதுய்யா அவருக்கு," என்றார். குரல் இறங்கி, பின் ஏறியது. "நேரம் வந்துருச்சுன்னு தெரிஞ்சிருக்குது. கண்டத்தத் தம்மேல வாங்கிக்கிட்டு, புள்ளைகளுக்கு வழி உட்டுட்டாரு! இத்தன நாளு அணை கட்டிக் காத்த மனுஷன், இன்னைக்கி மதகத் தொறந்து உட்டுட்டுப் போயிட்டாரு!"

சமிதிக்காரர்கள் மதகு என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணைத் துடைத்தார்கள்.

"இதனால சகலருக்கும் சொல்றது என்னன்னா, இனி நம்ம குடும்பத்துக்குத் தண்ணிக் கண்டம் கெடையாது. வருஷா வருஷம் அண்ணன் நெனவு நாளன்னைக்கி எல்லாரும் மலைத்தண்ணிக்குப் போகோணும். தலைய முக்கோணும். இது அண்ணனோட கடைசி உத்தரவு. பேனர்லயும் போட்டுருங்க."

பேனர்க்காரனுக்கு அங்கேயே போன் போனது. சிஜு கற்பூரம் வாங்கப் போனார். நர்மதா பந்தத்தைத் திருப்பிக் கொடுத்தபோது தமிழ்ப்ரியா அதை நேராகப் பிடித்துக்கொண்டாள்; ஆனாலும் அடிக்கடி திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

*

ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு வாசலைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் குளித்தார்கள். நர்மதா கூடத்தைக் கூட்ட வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில், அவள் காலையில் தள்ளிவைத்த இடத்திலேயே காப்பி டம்ளர் இருந்தது. விளிம்புவரை நிறைந்து, ஏடு தடித்து, அதன்மேல் எறும்பு வரிசை. குனிந்து எடுத்தாள்.

நாச்சம்மாள் ஈரத்தலையோடு வந்து அருகில் நின்றாள். இருவரும் டம்ளரைப் பார்த்தார்கள்.

"டாக்டர் வந்தப்ப ஆம்பளைக எல்லாரும் பேனருக்குப் போட்டோ தேடிட்டு இருந்தாங்க," என்றாள் நாச்சம்மாள். "எங்கிட்டத்தான் சொன்னாரு. நீ யாருகிட்டயும் சொல்லிப்போடாத." மருமகளின் காதருகே குனிந்து இரண்டு வார்த்தை சொன்னாள்.

நர்மதா அவளைப் பார்த்தாள். நாச்சம்மாள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். கடைவாயில் ஏதோ துடித்தது. அழுகையா வேறெதுவுமா என்று சொல்வதற்கில்லை. இழவு வீட்டில் அதை ஆராயக்கூடாது.

"டம்ளரக் கழுவி வை," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பின்கட்டுப் படியில் தமிழ்ப்ரியா உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுதீப் அப்பாருக்கு வாங்கிய வறுவலைத் தின்றுகொண்டிருந்தான். நர்மதா குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, முடியில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப்போட்டாள்.

"நீ இல்ல சாமி," என்றாள். இந்தத் தடவை இடைவெளி விடவில்லை. "சத்தியமா நீ இல்ல."

குழந்தை அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டித் தம்பியிடமிருந்து ஒரு வறுவலைப் பிடுங்கிக்கொண்டாள்.

நர்மதா டம்ளரை வாய்க்காலில் கவிழ்த்தாள். ஏடு வட்டமாக மிதந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பாலத்துக்கு அடியில் போனது.

தலைவரின் கடைசி உத்தரவு அந்தக் குடும்பத்தில் இன்றும் அமலில் இருக்கிறது. அதைக் கொடுத்தபோது அவர் இறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.